பாயிண்ட் பார்க்கத் தெரிந்த கைகள்: மாத்தூர் வட்டாரப் பட்டறைகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மாத்தூர், மணலி, சின்னசேக்காடு, திருவொற்றியூர் வட்டாரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தும் மெக்கானிக்குகளுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் பையன்களுக்கும், பழைய வண்டியை விற்காமல் ஓட்டிவரும் வண்டிக்காரர்களுக்கும்,

மோட்டார் சைக்கிள் ஒன்று முப்பது, நாற்பது ஆண்டுகள் சாலையில் ஓடுமானால் அதற்குக் காரணம் அதைச் செய்த ஆலையின் திறமையே என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்தில் பாதி உண்மையே உள்ளது. ஆலையைவிட்டு வெளியே வந்த நாள் முதல் எந்த இயந்திரமும் தேயத் தொடங்கிவிடுவதால், அதன் ஆயுளின் மறுபாதி, நேற்றில்லாத ஒரு சத்தத்தை இன்று கேட்டுணரும் சொந்தக்காரரின் காதிலும், அச்சத்தத்தின் காரணத்தைக் கண்டு சரிசெய்யும் மெக்கானிக்கின் கையிலும் இருக்கிறது. இம்மடலில் ‘வண்டிக்காரர்’ என்னும் சொல், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் என்ற பொருளில் அன்றி, அந்தக் காதை உடையவர் என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. அந்தக் காதும் அந்தக் கையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு, இவ்வட்டாரத்தில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது என்பதையும், அதைக் கைமாற்ற இன்னும் காலம் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது.

இவ்வறிவு வட சென்னைக்குத் தனி உரிமையோடு சேர்ந்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டிகள் 1949 முதல் இந்தியாவில் விற்கப்பட்டு வந்தன; இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதைத் தொடர்ந்து, 1955-இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இறக்குமதிப் பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் வேலை மட்டுமே நடந்தது. பின்னர் வார்ப்புக்கும் கடைசலுக்கும் வேண்டிய கருவிகள் வந்துசேர்ந்து, 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. தாய் நிறுவனம் 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியை நிறுத்திவிட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977 முதல் அது பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போய், ‘ராயல் என்ஃபீல்டு’ என்னும் பழைய பெயரைப் பெற்ற என்ஃபீல்டு இந்தியா, 2013-இல் ஒரகடத்திலும் அதன்பின் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்ததால், உற்பத்தியின் பெரும்பகுதி நகரின் தெற்கு, மேற்குப் புறங்களுக்குப் போய்விட்டது.

வண்டி மட்டும் இம்மண்ணில் பிறக்கவில்லை. அதன் சக்கரத்தில் ஏறிய டயருக்குரிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் இதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. வண்டியின் டாங்கில் ஊற்றிய பெட்ரோலை வடித்த மணலிச் சுத்திகரிப்பு ஆலை, ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ என்ற பெயரில் 1965-இல் நிறுவப்பட்டு 1969-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரி ஆலை இருந்ததால், உலோகத்தைக் கடைந்தும் பற்றவைத்தும் பழகிய கைகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. வண்டி, டயர், பெட்ரோல், பழுதுபார்க்கும் கை ஆகிய நான்கும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைத்த ஊர் இந்தியாவில் வேறு எத்தனை இருந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

மாத்தூர் அந்தத் தொழில் வளையத்துக்கு நடுவே எழுந்த குடியிருப்பு. பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (அன்று எம்.எம்.டி.ஏ.) மனைகளாகப் பிரித்துக் கொடுத்ததால் இன்றும் ‘எம்.எம்.டி.ஏ. மாத்தூர்’ என்றே அழைக்கப்படும் இவ்வூர், 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தது. ஆயினும் ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்களின் அன்றாட வாழ்வு இங்கே இரண்டு சக்கரங்களின் மேல்தான் நடக்கிறது. விடியற்காலை முதல் ஷிப்டுக்கு மணலிக்குப் போகும் வண்டி, மாலையில் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிச் செல்கிறது. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கும், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் ஏலத்துக்கும் அதே வண்டிதான் போகிறது. மழைக்காலத்தில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கிவருவதும் அதுவே. இத்தகைய வாழ்க்கையில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போவது அரைநாள் சம்பளத்தைப் பாதிக்கும் செய்தியாகையால், வண்டியைக் கவனிப்பது பொழுதுபோக்கு ஆவதில்லை. அது அரிசிப் பானையைக் கவனிப்பது போன்ற வீட்டுக் கடமையாகவே இருந்துவந்திருக்கிறது.

பழைய புல்லட்டின் என்ஜின் 346 சி.சி. கொள்ளளவு உடையது, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. விட்டத்தைவிட ஓட்டம் நீளமானதாலும் உள்ளே சுழலும் கனத்த சக்கரங்களாலும் குறைந்த வேகத்திலேயே அதற்கு இழுவை கிடைக்கிறது. ஊரே அறிந்த அந்த ‘டப் டப்’ ஓசையும் அங்கிருந்தே பிறக்கிறது. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் உள்ள இவ்வண்டியைப் புதியவர் ஒருவர் ஓட்டும்போது, அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்துவிடுவது வழக்கம். ஆகையால் பழைய வண்டிக்காரர்கள் இதை இரவல் கொடுக்கத் தயங்குவதைக் கஞ்சத்தனம் என்று கொள்ளலாகாது.

இவ்வண்டியை ஸ்டார்ட் செய்யும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், காக்கப்பட வேண்டிய அறிவு எத்தகையது என்பது விளங்கும். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள சிறு வட்டமான ஆம்பியர் மீட்டர், பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுகிறதா, உள்ளே வருகிறதா என்பதைக் காட்டும் முள்ளை உடையது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது அம்முள் ஒரு கட்டத்தில் மைனஸ் பக்கம் சாய்கிறது. பாயிண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக் காயிலுக்கு மின்சாரம் போகிறது என்பதே அதன் பொருள். இன்னும் அழுத்தினால் காலுக்குக் கீழே கிக்கர் கல்லைப்போல் எதிர்த்து நிற்கும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சத்துக்கு வந்துவிட்டது என்பதை அது தெரிவிக்கிறது. முள் நடுவுக்குத் திரும்பும் அந்த இடத்தில், அடைபட்ட காற்றைச் சற்று வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரை இழுத்து, கிக்கரை ஒரு விரல் அளவு கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, பிறகு உடல் எடையோடு ஒரே மிதி மிதிக்க வேண்டும். வலிமையைவிட நிதானம் வேண்டும் வேலை இது. முறை அறிந்த ஒல்லியான கிழவர் ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்யும் வண்டியை, முறை அறியாத கட்டுமஸ்தான இளைஞர் இருபது மிதி மிதித்தும் எழுப்பமுடியாமல், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முள் நடுவுக்கு வரும் கணமும் பிஸ்டன் உச்சிக்கு வரும் கணமும் இணங்கி நிற்பது பாயிண்டின் இடைவெளியைப் பொறுத்தது. பட்டறைகளில் ‘பிளாட்டினம்’ என்றே அழைக்கப்படும் பாயிண்ட் என்பது, ஒன்றையொன்று தொட்டும் விலகியும் காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இரு சிறு உலோக முனைகள். அவை விலகும் நொடியிலேயே ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுகிறது. முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு பயன்படுகிறது. அது கையில் இல்லாத அவசரத்தில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்துச் சரிசெய்த மெக்கானிக்குகள் உண்டு. தகடு இடைவெளியில் நுழைந்து வெளிவரும்போது விரல் நுனிக்குத் தெரியும் அந்த மெல்லிய பிடிப்பை, வெண்ணெயில் கத்தி போவதும் அல்ல, மரத்தில் ரம்பம் போவதும் அல்ல என்று சொல்லிப் பார்க்கலாமேயன்றி, எழுதிக் காட்ட முடியாது. டேப்பட் பார்ப்பதும் இத்தகையதே. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரு நீண்ட தண்டுகளின் தளர்வைச் சரிசெய்யும் அவ்வேலையை என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதும், தண்டு விரல்களுக்கிடையில் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது என்பதும் அதன் விதி. இறுக்கமாக வைத்தால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். தளர்வாக வைத்தால் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்கு டேப்பட் சத்தம் கேட்கும்.

இவ்வறிவு தேவையற்றுப் போனதற்குத் தொழில்நுட்பம் காரணம் என்பதை மறுக்க இயலாது, மறுப்பது நேர்மையும் அன்று. 2000களில் புல்லட்டில் பாயிண்டின் இடத்தை மின்னணுப் பற்றவைப்பு எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், கார்பரேட்டரின் இடத்துக்குக் கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை வந்தது. புதிய வண்டிகள் குறைவாகப் புகைகின்றன, நம்பகமாக ஸ்டார்ட் ஆகின்றன. நிலக்கரித் தூளையும் ஆலைப் புகையையும் மூச்சோடு சேர்த்து வாழும் வட சென்னை மக்கள் அதை வரவேற்க வேண்டியவர்களே. எனினும் புதிய வண்டி பழுதானால் ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பார்த்துப் பாகத்தையே மாற்றிவிடும் பழக்கம், பாகத்தைச் சரிசெய்யும் பழக்கத்தை விழுங்கிவருகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் வயதாகிக்கொண்டிருக்கிறது.

சட்டமும் பழைய வண்டிக்கு எளிதாக இல்லை. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குப் பிறகே புதுப்பிக்கப்படுகிறது, பசுமை வரியும் சேர்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சாலைக்கு ஒவ்வாத வண்டியை அகற்றும் நோக்கம் நியாயமானது; ஆனால் தகுதி இருப்பதாகச் சோதனையிலேயே தெரியவந்த வண்டியின் மேலும் வயதுக்காக மட்டும் சுமையை ஏற்றுவது, பெரும்பாலும் புது வண்டி வாங்கும் வசதி இல்லாதவர்களையே தாக்குகிறது. பழுதுபார்த்து நெடுநாள் ஓட்டப்படும் வண்டி, ஒரு புது வண்டிக்கு வேண்டிய இரும்பையும் ரப்பரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது என்பதையும் கணக்கில் கொள்வதே முறை.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அத்துடன் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் உப்பச் செய்து விரிசல் விடவும் செய்யும். கடற்காற்று வீசும் இவ்வட்டாரத்தில் பழைய டாங்கின் உட்புறம் ஏற்கெனவே துருப் பிடித்திருப்பதால், இங்குள்ள வண்டிக்கு இது இருமடங்குத் தொல்லை. பெட்ரோல் குழாயை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது, ஓட்டாமல் நிறுத்தும் மாதங்களில் டாங்கையும் கார்பரேட்டரையும் காலிசெய்து வைப்பது ஆகிய இரண்டையும் பட்டறைகள் வாடிக்கையாளர் கேட்காமலேயே சொல்ல வேண்டும். சைலன்சரைப் பிரித்து ஊரையே எழுப்பும் ஓசைக்கு மாற்றித் தரக் கேட்பவர்களுக்கு மறுத்துச் சொல்லவும் பட்டறைகள் துணிய வேண்டும். ஆலை பொருத்திய அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது என்பதோடு, இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் அண்டை வீட்டாருக்கு அது செய்யும் கேடும் சிறிதன்று.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வட்டார வண்டிக்காரரின் வாழ்வைச் சொல்ல முடியாது. சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கும் போய்வரும் கன்டெய்னர் டிரெய்லர்கள் மாதவரம் 200 அடி சாலையிலும் மணலிச் சாலைகளிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் வரிசைகட்டி நிற்கின்றன. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் வராமல் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் நிற்கும் இருசக்கர வண்டி, டிரெய்லர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிவதேயில்லை. ஓட்டுநரின் முகம் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும், டிரெய்லரின் இடப்புறமாக முந்தக் கூடாது என்பதும் இங்குள்ள மூத்த வண்டிக்காரர்கள் கற்றுக்கொண்டுள்ள பாடங்கள். புது வண்டியோடு வரும் இளைஞருக்குச் சாவியைக் கொடுக்கும்போதே அவற்றையும் சொல்லிக் கொடுப்பது பட்டறையின் கடமைக்குள் வரும். 2015 ஜூலை 1 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி தமிழ்நாட்டில் கண்டிப்பாக்கப்பட்ட ஹெல்மெட்டைப் போலீசுக்காக அணிவது என்று இன்னும் பலர் கருதுவது வருந்தத்தக்கது.

மழைநீர் இவ்வூரின் மற்றொரு சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை கொட்டியபோது, மாத்தூர், மணலிப் பகுதிகளின் வெள்ளத்தில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின; அதே வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய், மீனவர்களின் படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் கருமை பூசிவிட்டது. மூழ்கிய வண்டியை வெள்ளம் வடிந்ததும் கிக் செய்து பார்த்தவர்கள் என்ஜினை இழந்தனர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயில் போல்ட்டைத் திறந்து, பால்விட்ட டீயின் நிறத்தில் வடிந்த ஆயிலை முற்றிலும் மாற்றியவர்கள் அதைக் காப்பாற்றினர். ஆனால் அவ்வாறு வடித்த ஆயில் எங்கே போயிற்று என்னும் கேள்வி எழுப்பப்பட வேண்டும். பழைய புல்லட்டில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பிரைமரி செயின் கேஸுக்கும் தனித்தனியே ஆயில் உண்டு. ஒவ்வொரு சர்வீஸிலும் வெளிவரும் அக்கரிய ஆயில், பட்டறை வாசலில் உள்ள மழைநீர்க் கால்வாயில் ஊற்றப்படுமானால், அது போய்ச் சேரும் இடமும் அதே கொசஸ்தலைதான். பெரிய ஆலைகளைக் கேள்வி கேட்கும் உரிமை இவ்வூருக்கு முழுமையாக உண்டு; தன் வாசலில் ஆயிலை டின்னில் பிடித்து, பழைய ஆயில் எடுத்து மறுசுழற்சி செய்யும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கும் பட்டறை, அக்கேள்வியை இன்னும் உரத்த குரலில் கேட்க முடியும்.

இம்மடலின் வேண்டுகோள் எளியது. ஐ.டி.ஐ.களின் பாடம் புதிய என்ஜின்களை நோக்கி நகர்வது இயல்பாகையால், பழைய என்ஜினைக் கற்பிக்கும் இடம் இனிப் பட்டறையாகவே இருக்க முடியும். ஒவ்வொரு பட்டறையும் ஓடாத பழைய என்ஜின் ஒன்றைப் பெஞ்சின்மேல் பொருத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணிநேரம், தொழில் பழகும் பையனோ பெண்ணோ அதில் பாயிண்ட் வைத்தும் கலைத்தும், டேப்பட் இறுக்கியும் தளர்த்தியும் பழக விடலாம். தவறாக வைத்தால் எந்த வாடிக்கையாளரின் வண்டியும் கெடாது என்ற துணிவு கைக்கு வந்தால்தான் விரல் நுனி அந்தப் பிடிப்பைக் கற்றுக்கொள்ளும். பாயிண்ட் இடைவெளி, பிளக் இடைவெளி, ஆயிலின் வகை ஆகியவற்றை மெக்கானிக்கின் மனத்தில் மட்டும் வைத்திராமல், பட்டறைச் சுவரில் பெயிண்டால் தமிழில் எழுதிவைக்கலாம். நெடுநாள் வண்டிக்காரர்கள், தங்கள் வண்டி எந்தக் குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகும், எந்தச் சத்தத்துக்குப் பிறகு எது தேய்ந்திருந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து, பெஞ்சின் மேலேயே விட்டுவைக்கலாம்.

மாத்தூரில் பயன்பாட்டிலிருந்து விலகிய, பாயிண்ட் அமரும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றும், தேய்ந்த பாயிண்ட் செட்டுகள் சிலவும், ஒரு ஃபீலர் கேஜும் அப்பெஞ்சுக்காக ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்துவைக்கப்பட்டிருக்கின்றன. பெஞ்சுக்கு இடம் ஒதுக்கும் முதல் பட்டறைக்கு அவை கொண்டுவந்து கொடுக்கப்படும்.

இவண்,
மாத்தூரில் ஒரே புல்லட்டை நெடுநாள் ஓட்டிவரும் வண்டிக்காரர் ஒருவர்